இரட்டை எண்ணுக்குப் பாறை

இன்னொரு விளக்கு இறங்கி வருகிறது. இவர் இல்லை. இவருடைய விளக்கு இப்படி நேராக வராது, நெற்றியில் இறுக்கிக் கட்டினால் தலை வலிக்கிறது என்று வலது பக்கம் சாய்த்துத்தான் கட்டிக்கொள்வார், அந்த வெளிச்சம் எப்போதும் பாதையோரத்துச் செடியைக் காட்டுமே தவிர பாதையைக் காட்டாது, இத்தனை வருஷம் அந்தச் சாய்ந்த தலையோடு குடித்தனம் நடத்தியவளுக்கு மலை உச்சியில் தெரிந்தாலும் அடையாளம் தெரியும். வருகிறவன் யாரோ இளவட்டம், காப்பிச் செடிகளுக்கு நடுவே குதித்துக் குதித்து வருகிறான். பக்கத்தில் நின்றிருந்த பெண் ஸ்வெட்டரைக் கழற்றி யார் கையிலோ கொடுத்துவிட்டுக் கோட்டோரம் போய்க் கையை நீட்டுகிறாள். அவன் தொட்டுவிட்டுப் புல்லில் விழுகிறான். அவள் போய்விட்டாள். எவ்வளவு சுலபமாகப் போய்விட்டாள். நான் இங்கே நிற்கிறேன். இந்த விளையாட்டுக்குத் தமிழில் இன்னும் யாரும் வாயில் நுழைகிற மாதிரி பெயர் வைக்கவில்லை, ஓரியன்டியரிங் என்று சொன்னால் எங்கள் லேபுக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் அது என்ன டெஸ்ட், வெறும் வயிற்றில் வரவேண்டுமா என்று கேட்கிறார்கள். ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, காட்டுக்குள் அங்கங்கே கட்டிவைத்த ஆரஞ்சுக் கொடிகள், வரிசைப்படி ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, அங்கே இருக்கும் பெட்டியில் விரலில் மாட்டிய சிப்பை வைத்தால் கீக் என்று கத்தும், உடனே அடுத்ததைத் தேடி ஓடவேண்டும், அவ்வளவுதான். ராத்திரி ரிலே என்றால் ஓர் அணிக்கு நாலு பேர். ஒருவர் தன் சுற்றை முடித்து வந்து அடுத்தவர் கையைத் தொடவேண்டும். தொட்டால்தான் போகலாம். முதல் இரண்டு சுற்றும் இவர் ஆபீஸ் பையன்கள், அவர்கள் ராத்திரியே வந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது இவர். நாலாவது நான். என் புருஷன் வந்து என் கையைத் தொட்டால்தான் நான் இந்த இடத்தைவிட்டு நகரலாம். கல்யாணத்திலேயே ஒரு தடவை இப்படிக் கை நீட்டி நின்றாயிற்று, திரும்பவும்.

மைக்கில் தாமோதரன் சார் தொண்டையைச் செருமுகிறார். கிளப் செயலாளர், இவர் வேலை பார்க்கிற இன்ஷூரன்ஸ் கிளைக்கு மேலாளரும் அவர்தான், அதனால்தான் இவர் இந்த விளையாட்டுக்கே வந்தார், சார் ஷட்டில் ஆடியபோது இவரும் மட்டை வாங்கினார், சார் மனை வாங்கிய லேஅவுட்டில்தான் நாங்களும் வாங்கினோம், அங்கே இன்றைக்கும் முள்ளுச்செடிதான் குடியிருக்கிறது. "சகோதரிகளுக்கு ஒரு அறிவிப்பு. சரியா ஆறு மணிக்கு கோட்டுல கயிறு போட்டு கைமாத்தறத நிறுத்திருவோம். அதுக்குள்ள உங்க ஆளு வரலைன்னா ஒண்ணும் கவலப்படாதீங்க. எல்லாரையும் ஒண்ணா சேத்து அனுப்புவோம், தண்ணித்தொட்டி வரைக்கும் போயி ஒரே ஒரு கொடிய தொட்டுட்டு வந்தா போதும். சர்டிபிகேட் உண்டு. பொங்கல் ரெடி." கைதட்டுகிறார்கள். கைதட்டுகிறார்களே. ஒரு கொடி. கோட்டோரத் தட்டியில் மாட்டியிருக்கிற என் வரைபடத்தில் ஏழு கொடி இருக்கிறது, ஓடையைத் தாண்டி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்குள் நுழைந்து, மேட்டுக்குப் பின்னால் போய்ச் சுற்றி வரவேண்டும், அதற்காக வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை ஊரில் நகரமலை அடிவாரத்தில் முள்ளில் புடவையைக் கிழித்துக்கொண்டு, அப்புறம் புடவையே வேண்டாம் என்று டிராக் பேன்ட்டுக்கு மாறி, ஆடு மேய்க்கிறவர் என்னம்மா தொலைச்சீங்க என்று கேட்கக் கேட்க நடந்திருக்கிறேன். ஒரு கொடியாம். பங்கேற்பை அதிகப்படுத்துவது எப்படி என்று ஏப்ரல் மாதம் ஓட்டல் மாடியில் ஏசி போட்டு ஒரு கூட்டம் நடந்தது, ராத்திரி ரிலேவுக்கு ஆள் குறைந்துகொண்டே வருகிறது, போன வருஷம் ஒன்பதே அணி, பேப்பரில் போட்டோ கூட வரவில்லை. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். டி-ஷர்ட் இலவசம். ராத்திரி சிக்கன் பிரியாணி. ஓடி முடித்ததும் மெடலோடு நின்று போட்டோ எடுக்க ஒரு தட்டி. நானும் எழுந்து சொன்னேன், பெண்கள் வரவேண்டுமென்றால் மூன்று ஞாயிறு பயிற்சி கொடுங்கள், வரைபடம் படிக்கத் தெரியாமல் யாரும் இருட்டில் இறங்க மாட்டார்கள், கைமாற்றுகிற இடத்தில் ரெண்டு லைட் போடுங்கள், பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை, மலையிலிருந்து திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். "நல்ல பாயிண்ட் மேடம்" என்றார் தாமோதரன் சார். பேனா அவர் கையில்தான் இருந்தது, மூடி திறக்கவில்லை. கடைசியில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், ஓர் அணிக்கு ஒரு பெண் கட்டாயம். பெண்ணுக்கு எங்கே போவது, வீட்டில் இருக்கிறாளே. ஒன்பது அணி இருபத்திரண்டு ஆயிற்று. லைட் இல்லை. கழிப்பறை காப்பிக் கொட்டை அரைக்கிற கட்டடத்தில் ஒன்று, அதில் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

"உக்காருங்க தவமணி, காலு வலிக்கலையா" என்கிறாள் அம்சவேணி. தாமோதரன் சார் சம்சாரம். பிளாஸ்டிக் நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு கோழி அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், மார்பில் ஏழாம் எண், அது சால்வைக்குள் ஒளிந்திருக்கிறது. நல்லவள். எனக்கு ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தவள். "எங்க டீம் பையன் வராம இருந்தா தேவலைங்க. ஆறு மணி ஆயிருச்சுன்னா ஜாலியா கும்பலா போயிட்டு வந்தர்லாம். இந்த இருட்டுக்குள்ள தனியா எவ போவா? காட்டுமாடு நிக்குதாம் மேல." அவள் தன் ஆள் வராமல் இருக்க வேண்டிக்கொள்கிறாள், நான் என் ஆள் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், ரெண்டு பேரும் ஒரே மலையைப் பார்த்துக்கொண்டு. காட்டுமாடு. இவர் எங்கேயாவது காட்டுமாட்டுக்கு முன்னால் விளக்கைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தால். எஸ்டேட்டில் பழைய கிணறு ஒன்று இருக்கிறது, வரைபடத்தில் கறுப்பு வட்டம், சுற்றுச்சுவர் ஓரிடத்தில் இடிந்திருக்கும் என்று சொன்னார்கள். முழங்கால் வேறு. சர்க்கரை மாத்திரை ராத்திரி போட்டாரா, நான்தானே எடுத்துக் கொடுத்தேன், கையில் வாங்கினார், வாயில் போட்டதைப் பார்த்தேனா. ஈர இலையில் சறுக்கி விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், விளக்கு உருண்டு போய் ஒரு புதருக்குள் எரிகிறது, விசில் ஊதுகிறார், யாருக்கும் கேட்கவில்லை. இதை எல்லாம் பார்த்துவிட்டு என் மனசு முதலில் என்ன சொன்னது தெரியுமா, போச்சு, என் சுற்று போச்சு என்றது. அதற்கப்புறம்தான் ஐயோ பாவம் வந்தது. வரிசை மாறி வந்துவிட்டது. கூப்பிட்டு வரிசையை மாற்றிவைக்கலாமா என்று பார்க்கிறேன், முடியவில்லை. பொழுது விடிந்ததும் லேபில் யாரைப் பார்த்தாலும் கைநரம்பைத் தேடுகிற வேலை எனக்கு, கட்டைவிரலால் தடவினால் எது நரம்பு எது வெறும் தோல் என்று தெரிந்துவிடும், இதுவும் தெரிகிறது, நான் இவர் பத்திரமாக வரவேண்டும் என்று நினைக்கவில்லை, நேரத்துக்கு வரவேண்டும் என்று நினைக்கிறேன். நினைத்துக்கொள்கிறேன் போ. யார் பார்க்கப்போகிறார்கள்.

இவர் வேண்டுமென்றே நடந்து வருகிறாரோ. இந்த எண்ணம் ராத்திரியிலிருந்து கொசு மாதிரி காதோரம் சுற்றுகிறது, விரட்டுகிறேன், திரும்ப வருகிறது. ஆடி மாதம் பகல் போட்டி ஒன்று நடந்தது, ரெண்டு பேருக்கும் ஒரே பாதை, இவர் எனக்கு முன்னால் கிளம்பினார், நடுவில் ஒரு பாறைக்குப் பக்கத்தில் இவரைக் கடந்து போனேன். கடந்து போகிறோம் என்று எனக்குத் தெரியவே தெரியாது, வரைபடத்தில் கண் இருந்தது, பச்சைச் சட்டை ஒன்று குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தது, நான் கொடியைத் தொட்டுவிட்டு ஓடிவிட்டேன். முடித்த இடத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பச்சைச் சட்டை வந்தது, இவர். எல்லோர் முன்னாலும் சிரித்தார். "ஏதோ குறுக்கு வழி பிடிச்சிட்டா" என்றார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "லேடீஸ்ல ஆளே இல்ல, அதான் உனக்கு மெடல்" என்றார். இருக்கலாம். ஆளே இல்லாத இடத்தில் நான் ஒருத்தி இருந்தேன் என்பதாவது ஒரு கணக்கில்லையா. அப்புறம் மூன்று நாள் இவர் ரசத்துக்கு உப்பு போதவில்லை என்று கூடச் சொல்லவில்லை, அவ்வளவு கோபம். இந்த ரிலேவுக்குப் பெயர் கொடுக்கும்போது நான் ரெண்டாவது சுற்று கேட்டேன், நடு ராத்திரியில் ஓடுகிற சுற்று. "இருட்டுல உனக்கு என்ன தெரியும்" என்றார். இந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன். மனை வாங்கும்போது வேண்டாம் என்றேன், உனக்கு என்ன தெரியும். மகளை அந்தக் காலேஜில் சேர்க்கும்போது. கரண்ட் போனபோது ஃபியூஸ் எங்கே என்று நான் டார்ச்சை எடுத்தால்கூட, இருட்டுல உனக்கு என்ன தெரியும். எனக்கு இருட்டில் என்ன தெரியும் என்று எனக்கே தெரியாமல்தான் இருந்தது. முதல் ராத்திரிப் பயிற்சியில் நான் மட்டும் ஒரு பள்ளத்துக்குள் தனியாக மாட்டிக்கொண்டேன், விளக்கு போகிற தூரம் வரைக்கும்தான் உலகம், அதற்கு அப்பால் ஏதோ மூச்சு விடுகிறது, மாடோ மரமோ. அழுகை வந்தது. பிறகு வரைபடத்தைத் திருப்பி வடக்கை வடக்கோடு பொருத்தினேன், கோடுகள் நெருங்கியிருக்கிற இடத்தில் ஏற்றம், காலுக்கடியிலும் ஏற்றம், இன்னும் கொஞ்சம் மேலே போனால் ஒரு கல் வரவேண்டும், வந்தது. அந்தக் கல் வந்தது. அது வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் யாரிடம் சொல்வது, மகள் பிறந்தபோது கூட ஊரே கூடச் சேர்ந்து சந்தோஷப்பட்டது, இது எனக்கு மட்டும். அது திரும்பவும் ஒரு தடவை வேண்டும் என்றுதான் இங்கே குளிரில் நிற்கிறேன், மெடலுக்கும் இல்லை, இவரை ஜெயிக்கவும் இல்லை. இவரை ஜெயிக்கவும்தான். பொய் எதற்கு.

மணி ஐந்தரை தாண்டிவிட்டது. கீழ்வானத்தில் சாம்பல் நிறம் கரைகிறது, ஆனால் சரிவில் பனிமூட்டம், விளக்கில்லாமல் நடக்க முடியாது. எதிரே சரிவில் ரெண்டு கொடி இருக்கிறது, இடது பக்கம் தண்ணித்தொட்டி, வலது பக்கம் பெரிய பாறை, ரெண்டிலும் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறார்கள், வருகிறவர்களின் விளக்கு பட்டால் பூனைக் கண் மாதிரி மினுக்குகிறது. கடைசிக் கொடி அவைதான். ஒற்றை எண் அணிக்காரர்களுக்குத் தொட்டி, இரட்டை எண்காரர்களுக்குப் பாறை. யாரும் எனக்குச் சொல்லவில்லை, ராத்திரி முழுக்கப் பார்த்துப் பார்த்து நானே கண்டுபிடித்தது. ரிலேயில் எல்லோருக்கும் ஒரே பாதையைக் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தால் ஒருவன் வரைபடம் பார்ப்பான், மற்றவர்கள் அவன் விளக்கைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடிவிடுவார்கள், அதனால் அங்கங்கே பிரித்து விடுவார்கள், கொடியில் ஓர் எண் இருக்கும், நம் தாளில் இருக்கிற எண்ணும் அதுவும் ஒன்றா என்று பார்த்துவிட்டுத்தான் சிப்பை வைக்கவேண்டும். அடுத்த அணியின் கொடியைத் தொட்டால் நாலு பேர் ஓடியதும் பாழ், அணியே கணக்கில் இல்லை. ஆனால் கோட்டைத் தாண்டுவதற்கு முன்னால் தெரிந்துகொண்டால் திரும்பிப் போய்ச் சரியான கொடியைத் தொட்டுவிட்டு வரலாம், அதற்கு விதி இருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எட்டாம் எண் தாடிக்காரர் ஒருவர் தொட்டிப் பக்கமிருந்து ஓடிவந்து, கோட்டுக்கு நாலடி முன்னால் நின்று, தாளைப் பார்த்து, தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு திரும்பவும் மேலே ஏறிப் பாறையைத் தொட்டுவிட்டு வந்தார். இளைஞர், அவருக்கே கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, நடுவில் ஒரு முள்வேலியைச் சுற்றிப் போகவேண்டும். அவர் அணிப் பெண் கையை நீட்டியபடியே நின்றாள். எங்கள் எண் பதினாலு. எங்களுக்குப் பாறை. நான் பாறையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாறை இருட்டாகவே இருக்கிறது. இவர் வரைபடம் பார்க்க மாட்டார். பார்க்கிற மாதிரி கையில் வைத்திருப்பார். முன்னால் ஒரு முதுகு கிடைத்தால் போதும் இவருக்கு, வாழ்க்கையில் இவருக்கு முன்னால் எப்போதும் ஒரு முதுகு இருந்திருக்கிறது, அது தாமோதரன் சார் முதுகு. அந்த முதுகுக்குப் பின்னால் இவர், இவர் முதுகுக்குப் பின்னால் நான்.

கயிற்றைச் சுருளிலிருந்து அவிழ்க்கிறார்கள். தாமோதரன் சார் கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பார்க்கிறார். போட்டோக்காரர் தொட்டிக்குப் போகிற வழியை ஒட்டி இடம் பிடிக்கிறார், பெண்கள் கும்பலாக ஓடுகிற படம்தான் நாளைக்குப் பேப்பருக்கு. அப்போது மூட்டத்துக்குள்ளிருந்து ரெண்டு விளக்கு. முன்னால் ஒன்று நேராக, பின்னால் ஒன்று வலது பக்கம் சாய்ந்து. தொட்டிப் பக்கமிருந்து. இல்லை, இவராக இருக்காது, சாய்த்துக் கட்டுகிறவர் ஊரில் இவர் ஒருவர்தானா. தொட்டியின் பட்டை ஒரு தடவை மினுங்குகிறது, உடனே இன்னொரு தடவை. பெட்டி கீக் என்கிறது. கீக். ரெண்டு பேரும் சரிவில் இறங்குகிறார்கள், முன்னால் ஏழாம் எண், சாருடைய அணிப் பையன், பின்னாலேயே வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, நெஞ்சில் பதினாலு. பாறைப் பக்கம் போகவே இல்லை. எண்ணைப் பார்க்கவே இல்லை. "அடப்பாவி, வந்துட்டானே" என்று அம்சவேணி சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்திருக்கிறாள். "குணசேகரன் சார், சூப்பர், சூப்பர், ஓடி வாங்க" என்று மைக்கில் குரல். இவர் சந்தோஷமாக ஓடிவருகிறார். இவ்வளவு சந்தோஷமாக இவர் என்னை நோக்கி வந்து நான் பார்த்ததே இல்லை. "தவமணி, வந்துட்டேன் பாரு, டைம்முக்கு வந்துட்டேன்." நடந்து வரவில்லை. எனக்காகத்தான் ஓடிவந்திருக்கிறார், முட்டி வீங்கியிருக்கிறது, இடது கால் டிராக் பேன்ட் கிழிந்து ரத்தம். ராத்திரி முழுக்க நான் நினைத்ததெல்லாம் தப்பு. தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதைவிடப் பெரிய தப்பைச் செய்துவிட்டுச் சிரிக்கிறாரே.

இன்னும் கோட்டுக்குப் பத்தடி இருக்கிறது. வாயைத் திறந்தால் போதும். ஏங்க, பாறை, நம்மளுது பாறை, திரும்பிப் போங்க. இவர் நிற்பார், தாளைப் பார்ப்பார், சார் மைக்கை இறக்கிவிட்டுப் பார்ப்பார், எல்லோரும் பார்ப்பார்கள். இந்த முட்டியோடு வேலியைச் சுற்றி ஏறி இறங்க அரை மணியாவது ஆகும். கயிறு விழும். அணி பிழைக்கும், நாலு பேர் பெயரும் கணக்கில் நிற்கும், நான் அம்சவேணி கூடக் கும்பலாகப் போய் ஒரு கொடியைத் தொட்டுப் போட்டோவில் சிரிப்பேன். வாயைத் திறக்காவிட்டால் ஏழு கொடி. ஓடை, மிளகுக்கொடி, மேடு, பனி கலைகிற நேரம், தனியாக. எந்தக் கணக்கிலும் வராத ஏழு கொடி. பொங்கல் சாப்பிடும்போதுதான் இவருடைய சிப்பை இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள், அப்போதுதான் சிவப்பாக எழுத்து வரும். தூங்குகிற பையன்கள் ரெண்டு பேர் ஓடியதும் போகும், பாவம். இவர் மானம் போகும். "நீ பார்த்துக்கிட்டுத்தான நின்ன, உனக்குத் தெரியலையா" என்று கேட்பார். கேட்கட்டும். இருட்டுல எனக்கு என்னங்க தெரியும். என் கை தானாகவே நீண்டது. நீட்டியது நான்தான். இவர் கை ஈரமாக, சூடாக, மண்ணோடு வந்து என் கையில் அறைந்தது, நரம்பு துடிப்பது வரைக்கும் தெரிந்தது. "போ, போ, ஜாக்கிரதை" என்றார். "தவமணி, இருங்க, சேந்தே போலாம்" என்று பின்னால் அம்சவேணி குரல். நான் தட்டியிலிருந்து என் வரைபடத்தை உருவிக்கொண்டு ஓடினேன், ஈரக் காப்பி இலை முகத்தில் அடித்தது, பின்னால் மைக் பேசிக்கொண்டே இருந்தது, இதோ பதினாலாம் நம்பர் சகோதரியும் களத்தில், பெண்கள் பங்கேற்பு இந்த வருஷம், இந்த வருஷம், அப்புறம் கேட்கவில்லை. ஓடைச் சத்தம் வந்தது. ஓடையைத் தாண்டிக் கோடுகள் நெருங்குகிற இடத்தில் ஏறினேன், வளைந்த மரம் ஒன்று வரவேண்டும், வந்தது, அதன் அடியில் கொடி தொங்கியது. நின்றேன். மூச்சு வாங்கியது, அழுகையும் வந்தது, அதோடேயே விளக்கோடு குனிந்து கொடியில் இருந்த எண்ணைப் படித்தேன். என் தாளில் இருந்த எண்ணைப் படித்தேன். இன்னொரு தடவை ரெண்டையும் சேர்த்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. விரலை வைத்தேன்.